குப்பையின் கதையும் கையின் கதையும்



பண்டிதர் அயோத்திதாசரை நினைத்துக் கூடியிருக்கும் ஓர் இலக்கிய அவையில் குப்பையைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். குப்பை மாநகராட்சியின் பாடு, சுகாதார ஆய்வாளரின் பாடு. கதைக்கும் கவிதைக்கும் அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். ஆனால் இன்று நம் நாட்டில் மிக அதிகமாகக் கதை சொல்லப்படும் பொருள்களில் ஒன்றாகக் குப்பை ஆகிவிட்டது. இன்ஸ்டாகிராம் ரீல்ஸ், யூடியூப் ஷார்ட்ஸ், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், முகநூல் பதிவு என எங்கே திரும்பினாலும் குப்பையை எப்படிப் பிரிப்பது, எப்படிக் குறைப்பது என்று யாரோ ஒருவர் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார். கதை என்று வந்துவிட்டால், அதை யார் சொல்கிறார், யாருக்குச் சொல்கிறார், யாரை விட்டுவிட்டுச் சொல்கிறார் என்று கேட்பது நம் வேலையாகிறது.

இந்தக் கேள்வி நமக்குப் புதியதும் அல்ல. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். 1920இல் அண்ணல் அம்பேத்கர் ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கினார். மற்றவர்கள் நடத்திய பத்திரிகைகளில் நாம் செய்தியாகக்கூட இல்லாத காலத்தில், நம்முடைய சொல்லை நாமே அச்சேற்றினால் ஒழிய வழியில்லை என்று கண்டவர்கள் அவர்கள். ஒரு பைசா கொடுத்து வாங்கக்கூடிய பத்திரிகை என்பதையே பெயரில் வைத்தார் பண்டிதர். இன்று அந்த இடத்தில் கைபேசி இருக்கிறது. அதில் நம் கதை இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இந்த உரையில் நாம் சொல்ல வருவது ஒன்றுதான். சமூக ஊடகத்தில் சொல்லப்படும் குப்பைக் கதை பெரும்பாலும் சமையலறையில் தொடங்கிக் குப்பை வண்டியில் முடிந்துவிடுகிறது. வண்டிக்குப் பிறகு அந்தக் குப்பையை ஒரு கை தொடுகிறது. அந்தக் கையைக் காட்டாத கதை பொதுமக்களுக்கு எதையும் கற்பிப்பதில்லை. அந்தக் கைக்கு உரியவரே சொல்லும் கதைதான் கற்பிக்கும்.

1. மூன்று வகைக் கதைகள்

இப்போது வலம்வரும் குப்பைக் கதைகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது அறிவுரைக் கதை. பச்சைத் தொட்டியில் மக்கும் குப்பை, நீலத் தொட்டியில் மக்காத குப்பை. வாழைப்பழத் தோல் இங்கே, பால் பாக்கெட் அங்கே. மாடித் தோட்டத்தில் உரம் தயாரிப்பது எப்படி, கடைக்குத் துணிப்பை எடுத்துப்போவது எப்படி. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருள்கள் தடைசெய்யப்பட்டன. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. இவற்றையொட்டிச் சிறு காணொளிகள் நிறைய வந்தன. இவை பயனற்றவை என்று நாம் சொல்லவில்லை. மஞ்சப்பை என்ற ஒரு சொல்லுக்குள் அப்பா சந்தைக்குப் போன நினைவும் கல்யாண வீட்டுத் தாம்பூலமும் இருக்கின்றன; கதையின் பலம் தெரிந்தவர்கள் வைத்த பெயர் அது. ஆனால் இந்தக் கதைகளின் நாயகர் எப்போதும் குப்பையைப் போடுகிறவர்தான். எடுக்கிறவர் அதில் வருவதில்லை.

இரண்டாவது அதிர்ச்சிக் கதை. எரியும் குப்பை மேடு, பிளாஸ்டிக் தின்று செத்த மாடு, கடற்கரையில் ஒதுங்கிய பாட்டில்கள். பார்த்த நொடியில் மனம் பதறும். அடுத்த நொடியில் விரல் வேறொரு காணொளிக்கு நகர்ந்துவிடும். இவ்வளவு பெரிய மலைக்கு நம் வீட்டு வாளி என்ன செய்யும் என்ற சோர்வுதான் மிஞ்சுகிறது.

மூன்றாவது புகழ்ச்சிக் கதை. தூய்மைப் பணியாளருக்கு மாலை, பொன்னாடை, கைதட்டல், பின்னணியில் உருக்கமான இசை. 2019 பிப்ரவரியில் பிரயாக்ராஜ் கும்பமேளாவில் ஐந்து தூய்மைப் பணியாளர்களின் கால்களைப் பிரதமர் கழுவிய காட்சியை நாடே பார்த்தது. கொரோனா காலத்தில் தெருத்தெருவாக மலர் தூவியதையும் பார்த்தோம். தெய்வமாக்குவது சுலபம். தெய்வத்துக்குச் சம்பளம் கேட்கும் உரிமை கிடையாது, விடுப்பு கிடையாது, கையுறை கிடையாது. காலைக் கழுவியவர்களிடம் அந்தக் காலுக்கு ஒரு நல்ல பூட்ஸ் எங்கே என்று இந்தக் கதை கேட்பதே இல்லை.

மூன்று வகையிலும் ஒன்று பொது. குப்பை அள்ளுகிறவர் ஒன்று காணாமல் போகிறார், அல்லது பேசாத படமாக நிற்கிறார்.

2. ஒரு பையின் பயணம்

காணாமல் போகும் அந்தப் பகுதியை முதலில் பார்ப்போம். ஒரு வீட்டில் எல்லாவற்றையும் ஒரே கறுப்புப் பையில் போட்டு, வாயை இறுக்கி முடிச்சுப் போட்டு, காலையில் வண்டியில் வைத்துவிட்டார்கள் என்று கொள்வோம். அந்த வீட்டைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. வண்டியோடு வந்த அம்மாவுக்கு அங்கேதான் வேலை தொடங்குகிறது.

முடிச்சை அவிழ்க்க வேண்டும். உள்ளே நேற்றைய சாம்பார், பிள்ளையின் டயப்பர், செய்தித்தாள், முட்டை ஓடு, சவர பிளேடு, சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்ளும் தாத்தாவின் ஊசி, உடைந்த கண்ணாடி டம்ளர், நாப்கின். கையால் துழாவித்தான் பிரிக்க வேண்டும். மெல்லிய ரப்பர் கையுறை ஒரு கண்ணாடிச் சில்லுக்குத் தாங்காது. பல இடங்களில் அதுகூடக் கிடைப்பதில்லை. சாம்பாரில் ஊறிய செய்தித்தாளைக் காயலான் கடையில் வாங்க மாட்டார்கள். காய்ந்த நிலையில் வந்திருந்தால் அதற்கு ஒரு விலை இருந்திருக்கும். பிரித்து விற்கும் காசு பல பணியாளர்களுக்குத் தேநீர்ச் செலவையும் பேருந்துச் செலவையும் தாங்கிப்பிடிக்கும் காசு. பிளாஸ்டிக்கும் பேட்டரியும் கலந்த காய்கறிக் கழிவு உரக்கூடத்துக்கும் ஆகாது. உரமாகியிருக்க வேண்டியதும் விலையாகியிருக்க வேண்டியதும் சேர்ந்து கெட்டு, லாரியேறிக் கிடங்குக்குப் போகின்றன.

சென்னையில் மட்டும் நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேர்கிறது. வடக்கே கொடுங்கையூரும் தெற்கே பெருங்குடியும் பல பத்தாண்டுகளாக அதைச் சுமந்தன. நம் ஊர்க் குப்பையில் ஏறத்தாழப் பாதி மக்கக்கூடியது. ஆனால் காற்றுப் புகாமல் அடுக்கடுக்காகப் புதைந்த மக்கும் குப்பை உரமாவதில்லை. அது மீத்தேன் வாயுவாக மாறுகிறது. தீப்பற்றினால் நாள்கணக்கில் அணையாது. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கு அப்படித்தான் பல நாள் எரிந்தது. மழைக்காலத்தில் குப்பைக்குள் இறங்கும் நீர் கறுத்த சாறாகக் கசிந்து நிலத்தடி நீரில் கலக்கிறது. பெருங்குடிக்குப் பக்கத்திலேயே இருப்பது பள்ளிக்கரணை சதுப்புநிலம். அதே 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இந்தக் கிடங்குகளில் பழைய குப்பையைத் தோண்டி, சலித்து, மண் வேறு பிளாஸ்டிக் வேறாகப் பிரிக்கும் வேலை கோடிக்கணக்கான ரூபாயில் நடக்கிறது. ஒவ்வொரு வீடும் இரண்டு வாளி வைத்து அன்றாடம் செய்திருக்கக்கூடிய வேலையை, பல ஆண்டு கழித்து இயந்திரத்தை வைத்துச் செய்கிறோம்.

இந்தப் பயணத்தில் ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு கதை. ஒன்றுகூட நம் கைபேசிக்கு வருவதில்லை.

3. தெரிந்தும் ஏன் பிரிப்பதில்லை?

குப்பையைப் பிரிக்க வேண்டும் என்பது தெரியாதவர் இன்று நகரத்தில் குறைவு. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் குப்பை என்று மூன்றாகப் பிரித்துத் தர வேண்டும் என்றன. பயன்படுத்திய நாப்கினையும் டயப்பரையும் சுற்றிக் கட்டித் தர வேண்டும் என்றன. பணியாளருக்குச் சீருடை, கையுறை, மழைக்கோட்டு, காலணி, முகக்கவசம் தர வேண்டும் என்றும் சொல்லின. பள்ளிப் பிள்ளையும் பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி என்று ஒப்பிக்கும். ஆகவே தகவல் இல்லாதது காரணம் ஆகாது. தகவலை மேலும் மேலும் சொல்லும் காணொளிகள் பலன் தராததற்கும் இதுதான் காரணம்.

வீட்டுக்குள் சுத்தம், வாசலுக்கு வெளியே எப்படியானாலும் சரி என்ற பழக்கம் நம் சமூகத்தில் வெறும் சோம்பலால் வந்தது அல்ல. அழுக்கைத் தன்னிடமிருந்து தள்ளிவிட்டால் சுத்தமாகிவிடலாம். தள்ளியதை எடுக்கப் பிறந்தவர்கள் இருக்கிறார்கள் என்ற எண்ணத்தின் மீது கட்டப்பட்ட பழக்கம் அது. 1936இல் எழுதிய ‘சாதி ஒழிப்பு’ நூலில், சாதி என்பது வெறும் தொழில் பிரிவினை என்று சமாதானம் சொன்னவர்களுக்கு அம்பேத்கர் விடை சொன்னார்: அது உழைப்பவர்களையே தனித்தனி அடுக்காக்கிப் பூட்டிவைக்கிறது என்று வாதிட்டார். குப்பை விஷயத்தில் அந்தப் பூட்டு இன்னும் திறக்கவில்லை. ஒன்றிய அரசின் ‘நமஸ்தே’ திட்டத்துக்காகச் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் வேலை செய்பவர்களைக் கணக்கெடுத்தார்கள். 2024இல் வெளிவந்த விவரப்படி, அதுவரை பதிவான சுமார் 38,000 பேரில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். நம் ஊர்களில் துடைப்பத்தோடு நிற்பவர்கள் அருந்ததியரும் ஆதிதிராவிடரும்தாம் என்பதைச் சொல்ல நமக்குக் கணக்கெடுப்பு தேவையில்லை.

2020இல் தமிழக அரசு ‘துப்புரவுப் பணியாளர்’ என்பதைத் ‘தூய்மைப் பணியாளர்’ என்று மாற்றியது. பெயர் மாற்றத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. பெயரால் நாம் பட்டது கொஞ்சமல்ல. ஆனால் பெயர் மாறிய பிறகும் ஒப்பந்தம் மாறவில்லை, வேலை எந்தச் சேரியிலிருந்து ஆள் எடுக்கிறது என்பதும் மாறவில்லை.

பொதுமக்கள் பக்கம் ஒரு நியாயமான முறையீடும் உண்டு. “நாங்கள் பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகக் கொட்டிவிடுகிறார்களே” என்பார்கள். உண்மைதான், பல இடங்களில் அப்படி நடக்கிறது. ஆனால் அதை மாடியிலிருந்து படம்பிடித்து, “பாருங்கள் இவர்கள் லட்சணத்தை” என்று போடும் காணொளி யாரைத் தண்டிக்கிறது? வண்டியில் தடுப்புப் பெட்டி வைக்காதவரைக் கேட்பதில்லை. எடைக்குப் பணம் என்று ஒப்பந்தம் போட்டு, பிரிப்பதில் யாருக்கும் அக்கறை இல்லாமல் செய்தவரைக் கேட்பதில்லை. மேஸ்திரி வந்து அந்த அம்மாவின் ஒருநாள் சம்பளத்தைப் பிடிப்பதோடு கதை முடிகிறது. சமூக ஊடகம் இங்கே ஆசிரியராக இல்லை, கங்காணியாக இருக்கிறது.

4. கற்றுத்தந்த கதைகள்

கையின் பக்கம் நின்று சொன்ன கதைகள் உண்டு. அவற்றிலிருந்து கற்க நமக்கு நிறைய இருக்கிறது.

சமூக ஊடகம் வருவதற்கு நெடுங்காலம் முன்பு, 1947இல் தகழி சிவசங்கரப் பிள்ளை மலையாளத்தில் ‘தோட்டியின் மகன்’ நாவலை எழுதினார். ஆலப்புழையில் மலம் அள்ளிய குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை அது. சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் தமிழர்கள் அதைப் படித்தார்கள். நகரம் எப்படிச் சுத்தமாகிறது என்பதை வாளி தூக்குகிறவரின் கண்ணால் காட்டிய நாவல். ஆனாலும் அது வெளியே இருந்து பார்த்த கண். அந்தக் கண்ணுக்கு நன்றி சொல்லிவிட்டு, நம் கண்ணால் பார்ப்பதற்கு நகர வேண்டியிருந்தது.

2017இல் திவ்யபாரதி இயக்கிய ‘கக்கூஸ்’ ஆவணப்படம் வந்தது. தமிழகத்தில் கையால் மலம் அள்ளுவது இல்லை என்று ஏட்டில் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், அள்ளுகிறவர்களையே கேமரா முன் பேசவைத்த படம். திரையிடலுக்குப் பல ஊர்களில் காவல்துறை தடை போட்டது. படம் யூடியூபில் ஏறியது. அரங்கத்தைப் பூட்ட முடிந்தது, கைபேசியைப் பூட்ட முடியவில்லை. அருவருப்பை மறைக்காமல், பேசுகிறவரின் கோபத்தைத் தணிக்காமல் அப்படியே விட்டதுதான் அந்தப் படம் மக்களிடம் போனதற்குக் காரணம் என்று நாம் நினைக்கிறோம்.

2018 செப்டம்பரில் டெல்லியில் சாக்கடைக்குள் இறங்கி இறந்த ஒரு தொழிலாளியின் உடலருகே ஒரு சிறுவன் அழுதுகொண்டு நின்ற படம் ட்விட்டரில் பரவியது. சில நாட்களில் பல லட்சம் ரூபாய் சேர்ந்தது. மக்களுக்கு மனமில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் சாக்கடைச் சாவுகள் தொடர்ந்தன. ஒரு குடும்பத்தின் துயரமாக மட்டும் சொல்லப்பட்ட கதை அந்தக் குடும்பத்துக்கு உதவும்; குழியை மூடாது. யார் இறக்கினார், எந்தச் சட்டத்தை மீறி இறக்கினார் என்ற கேள்வியோடு சொல்லப்பட்டால்தான் அது பொதுமக்களுக்குப் பாடமாகும்.

மிக முழுமையான பாடம் புனேயிலிருந்து வருகிறது. அங்கே குப்பை பொறுக்கும் தொழிலாளர்கள், பெரும்பாலும் தலித் பெண்கள், 1993இல் ‘காகத் காச் பத்ரா கஷ்டகாரி பஞ்சாயத்’ என்ற சங்கத்தை அமைத்தார்கள். காகிதம், கண்ணாடி, தகரம் பொறுக்கும் உழைப்பாளர் சங்கம் என்று பொருள். அதிலிருந்து பிறந்த ‘ஸ்வச்’ கூட்டுறவு அமைப்பு வீடுவீடாகக் குப்பை சேகரிக்கிறது. தாள் சுற்றாத நாப்கின்களைத் தினமும் கையால் பிரித்த அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 2013இல், பயன்படுத்திய நாப்கின்களை மூட்டை கட்டி, அவற்றைத் தயாரித்த நிறுவனங்களுக்கே திருப்பி அனுப்பினார்கள். ‘உங்கள் பொருள், உங்கள் கையில் எப்படி இருக்கிறது பாருங்கள்’ என்பதுதான் அந்த மூட்டை சொன்ன கதை. பிறகு வீட்டுக்காரர்களுக்காகச் சிவப்புப் புள்ளி இயக்கம் வந்தது: நாப்கினைச் செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்பில் ஒரு புள்ளி வைத்துக் கொடுங்கள். புள்ளியைப் பார்த்தால் பிரிக்காமல் தனியே வைத்துவிடலாம். ஒரு பேனா, ஒரு துண்டுத் தாள், ஒரு நொடி. ஆனால் அந்த ஒரு நொடி யாருக்காக என்பதைச் சொன்னவர் அந்தக் கைக்கு உரியவர். அதனால்தான் அது அறிவுரையாக ஒலிக்கவில்லை.

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு, ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்து 13 நாள் உட்கார்ந்தார்கள். 13ஆம் தேதி நள்ளிரவில் கைது செய்யப்பட்டார்கள். அந்த நாட்களில் பணியாளர் பெண்கள் கேமராவைப் பார்த்துத் தங்கள் சம்பளக் கணக்கைத் தாங்களே சொன்னார்கள். தெருவில் தினமும் பார்த்தும் பெயர் தெரியாதவர்கள், அன்று தங்கள் பெயரோடும் ஆண்டுக் கணக்கோடும் பேசினார்கள். பொதுமக்கள் கேட்டார்கள்.

5. எப்படிச் சொல்வது?

இனி செய்முறைக்கு வருவோம். நம் அமைப்புகளும் இளைஞர்களும் தெருவாசிகளும் செய்யக்கூடியதைச் சுருக்கமாக வைக்கிறோம்.

ஒரு கதைக்கு ஒரு பொருள் போதும். ‘குப்பை மேலாண்மை’ என்று தலைப்பு வைத்தால் யாரும் பார்க்கமாட்டார்கள். ஓர் உடைந்த டம்ளரின் கதை, ஒரு பிளேடின் கதை, ஒரு பேட்டரியின் கதை என்று எடுங்கள். பொருள் வீட்டில் உடைந்ததிலிருந்து கையைக் கிழித்ததுவரை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

பேச்சுத் தமிழில், பணியாளரின் குரலிலேயே இருக்கட்டும். மாதிரிக்கு ஒன்று: “அக்கா, இது உங்க வீட்டுக் கண்ணாடித் துண்டு. பைய அவுக்கும்போது கைய இழுத்திடுச்சு. அன்னிக்கு வேலைக்குப் போகல, அரை நாள் சம்பளம் போச்சு. பேப்பர்ல சுத்தி மேல ‘கண்ணாடி’ன்னு எழுதிக் குடுங்க. எழுத நேரமில்லன்னா வண்டி வரும்போது வாயால சொல்லுங்க. அது போதும் எனக்கு.” இதில் அழுகை இல்லை, இரக்கம் கேட்பதும் இல்லை. ஒரு மனிதர் இன்னொரு மனிதரிடம் கேட்கும் நியாயமான ஒன்று இருக்கிறது. கேட்பவர் அடுத்த முறை டம்ளர் உடையும்போது ஒரு முகத்தை நினைப்பார். தொட்டியின் நிறம் மறந்துபோகும், முகம் மறக்காது.

ஒரு கதையில் ஒரு செயலை மட்டும் கேளுங்கள். இன்று கண்ணாடி, அடுத்த வாரம் நாப்கின், அதற்கடுத்து ஈரக்குப்பை. பத்து அறிவுரையை ஒன்றாகக் கொட்டினால் அதுவும் கலந்த குப்பைதான்.

லட்சம் பார்வைக்கு ஆசைப்பட வேண்டாம். குப்பை என்பது தெருவின் விஷயம். எங்கோ இருக்கும் லட்சம் பேர் பார்ப்பதைவிட, அந்தத் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் உள்ள அறுபது வீடுகள் பார்ப்பது மேல். தங்கள் தெருவுக்கு வரும் அம்மாவின் குரலைக் கேட்பவர்கள் மறுநாள் அவரை நேரில் பார்க்க வேண்டியிருக்கிறதல்லவா? வார இறுதியில் அதே குழுவில் ஒரு கணக்குப் போடுங்கள்: இந்த வாரம் எத்தனை வீடு பிரித்துக் கொடுத்தது, போன வாரத்தைவிடக் கூடியதா குறைந்ததா. வீட்டு எண்ணைப் போட்டு அவமானப்படுத்த வேண்டாம், எண்ணிக்கை போதும்.

வீட்டைக் கேட்கும் கதைக்குப் பின்னாலேயே அலுவலகத்தைக் கேட்கும் கதையும் வர வேண்டும். பிரித்துக் கொடுத்த தெருவுக்குத் தடுப்புள்ள வண்டி வருகிறதா? கையுறை எத்தனை நாளுக்கு ஒருமுறை தருகிறார்கள்? உரக்கூடம் இயங்குகிறதா, பூட்டிக் கிடக்கிறதா? விதி எழுதிய பொறுப்பு இரண்டு பக்கமும் உண்டு. வீட்டுக்காரரை மட்டும் திருத்தும் கதை பாதிக் கதை.

6. சொல்லக் கூடாதது, எடுக்கக் கூடாதது

முதலில் அனுமதி. பெரும்பாலான பணியாளர்கள் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். கேமரா முன் பேசியதற்காக ஒருவரை நாளை முதல் வரவேண்டாம் என்று சொல்லிவிடலாம். எழுத்தில் காரணம் காட்ட வேண்டியதில்லை. ஆகவே முகம் காட்டலாமா, பெயர் சொல்லலாமா, எந்தத் தெரு என்று தெரியலாமா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். கைகளை மட்டும் காட்டிக் குரலைக் கேட்கவைத்தாலும் கதை நிற்கும். வெளியிடும் முன் அவரிடம் போட்டுக் காட்டுங்கள். பிறகு எடுத்துவிடச் சொன்னால் மறுபேச்சில்லாமல் எடுத்துவிடுங்கள். பிள்ளைகளின் பள்ளியில் பார்ப்பார்கள் என்ற அச்சம் சிலருக்கு உண்டு. அந்த அச்சம் கோழைத்தனம் அல்ல, இந்தச் சமூகத்தை அறிந்ததால் வந்தது.

கூலியும் பேச வேண்டும். காணொளிக்குப் பணம் வந்தால் அதில் பேசியவருக்குப் பங்கு இருக்க வேண்டும். குப்பையிலிருந்து எல்லாரும் சம்பாதித்து, அள்ளியவர் மட்டும் வெறுங்கையோடு போவது நாம் பார்த்துப் பழகிய கதை.

படம் எடுப்பதற்காக யாரையும் சாக்கடைக்குள்ளோ கழிவுநீர்த் தொட்டிக்குள்ளோ இறங்கச் சொல்லாதீர்கள், பாதி உடம்பு அளவுக்குக்கூட. உள்ளே ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு இருக்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடும்போது மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும். நாற்றம் இல்லை என்று இறங்கியவர் மயங்குவார், தூக்கப் போனவரும் விழுவார். இரண்டு பேர், மூன்று பேர் என்று சேர்ந்து சாவதற்குக் காரணம் இதுதான். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்பின்றி இறக்குவது குற்றம். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சாக்கடைச் சாவுகளைப் பற்றி நாடாளுமன்றத்தில் அரசு வைத்த கணக்குகளில் தமிழ்நாடு முன்வரிசையில் இருக்கிறது. பொதுமக்களுக்குச் சொல்ல வேண்டிய கதை இது: உங்கள் வீட்டுத் தொட்டி நிறைந்தால் ஆளைத் தேடாதீர்கள், 14420 என்ற எண்ணை அழைத்து இயந்திரத்தைக் கேளுங்கள். முன்னூறு ரூபாய் மிச்சம் பிடிக்க ஓர் உயிரை இறக்குகிறவர் வீட்டு உரிமையாளரானாலும் குற்றவாளிதான்.

இறந்தவரின் உடலைக் காட்டாதீர்கள். உயிரோடு இருந்தபோது அவருடைய பெயரைக் கேட்காத ஊர், செத்தபின் அவருடைய உடலைப் பகிர்ந்துகொள்ள என்ன உரிமை?

7. கதையால் ஆவதும் ஆகாததும்

கதை சொன்னால் எல்லாம் மாறிவிடும் என்று இந்த அவையில் யாரும் நம்பமாட்டோம். நிரந்தர வேலை, முறையான ஊதியம், இயந்திரம், மருத்துவம், பிள்ளைகளுக்குப் படிப்பு, பரம்பரைத் தொழிலிலிருந்து வெளியேறும் வழி ஆகியவற்றைச் சங்கமும் சட்டமும் போராட்டமும்தான் பெற்றுத்தரும். ரீல்ஸ் பெற்றுத்தராது. நம் பிள்ளைகள் குப்பையை நன்றாகப் பிரிக்கக் கற்றுக்கொடுப்பதோடு நம் கடமை முடிவதுமில்லை. நம் பிள்ளைகள் குப்பைக்கென்றே பிறந்தவர்கள் இல்லை என்பதை மற்றவர்களின் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

அந்த இடத்தில் கதைக்கு வேலை உண்டு. குப்பையைப் பிரிப்பது ஊர் அழகுக்காக என்று சொல்லும்வரை அது விருப்பப்பட்டால் செய்யும் நற்செயல். அது இன்னொருவரின் கைக்காக என்று தெரிந்துவிட்டால், செய்யாதிருப்பது தீங்கு என்றாகிவிடும். நற்செயலைத் தள்ளிப்போடலாம். தெரிந்தே செய்யும் தீங்கைத் தினமும் காலையில் வாசலில் நின்று ஒருவர் கையில் கொடுப்பது அவ்வளவு எளிதல்ல. தன் அழுக்குக்குத் தானே பொறுப்பு என்று ஒரு வீடு ஏற்கும்போது, அழுக்கை எடுக்கவென்று ஒரு சாதி இருக்கிறது என்ற எண்ணத்தில் ஒரு செங்கல் பெயர்கிறது. ஒரு செங்கல்தான். ஆனால் அறுபது வீடுள்ள தெருவில் அறுபது செங்கல்.

ஆகவே இந்த அவையின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். எழுதத் தெரிந்தவர்கள், படம்பிடிக்கத் தெரிந்தவர்கள், உங்கள் வார்டின் பணியாளர்களோடு உட்கார்ந்து ஒரு மாதத்துக்கு நான்கு கதைகளை அவர்கள் குரலில் ஆக்கித்தாருங்கள். பணியாளர் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கைபேசியில் படம்பிடித்து வெட்டி ஒட்டும் வேலையைக் கற்றுக்கொடுங்கள். இன்னும் சில ஆண்டில் நாம் போய்க் கேட்க வேண்டியிராமல் அவர்களே சொல்லட்டும். மற்றவர்கள், நாளைக் காலை வண்டி வரும்போது கீழே இறங்கிப்போய், பையைக் கையில் கொடுத்து, வாங்குகிறவரின் பெயரைக் கேளுங்கள்.

பண்டிதர் ஒரு பைசாவுக்குக் கொடுத்ததை இன்று நாம் காசில்லாமலே கொடுக்க முடியும்.